விசாரிக்கப்படாத துக்கம்: நீலகிரித் தீயணைப்போரும் சகபணியாளர் துணையும்

1. பொருளும் எல்லையும்

ஒரு வீட்டில் சாவு விழுந்தால் துக்கம் விசாரிக்கப் போவது தமிழ்நாட்டில் எழுதப்படாத சட்டம். தெற்கே அதைக் கேதம் கேட்பது என்பார்கள். போகிறவர் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போய் உட்காருகிறார். 'எப்படி ஆச்சு?' என்கிறார், சில வேளை அதையும் கேட்காமல் கையை மட்டும் பிடித்துக்கொள்கிறார். துக்கத்தில் இருப்பவர் நடந்ததைச் சொல்கிறார், அடுத்து வருகிறவரிடம் மறுபடி சொல்கிறார். பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் அதே கதை எத்தனையோ தடவை சொல்லப்பட்டு, அதன் கூர் கொஞ்சம் மழுங்கியிருக்கும்.

இந்த வழக்கத்தில் ஒருவருக்கு மட்டும் இடமில்லை. பள்ளத்தில் உருண்ட பேருந்துக்குள் புகுந்து அந்த உடலை வெளியே எடுத்துத் தந்தவருக்கு. அவர் உறவுமில்லை, பங்காளியுமில்லை. அவர் செய்தது வேலை. அதற்குச் சம்பளம் உண்டு. ஆகவே அவரிடம் யாரும் துக்கம் விசாரிப்பதில்லை. அவர் நிலையத்துக்குத் திரும்பி, குழாய்களைக் கழுவி உலர்த்தி, பதிவேட்டில் புறப்பட்ட நேரத்தையும் திரும்பிய நேரத்தையும் எழுதுகிறார். அவர் கண்ட காட்சிக்கு அந்தப் பதிவேட்டில் கட்டம் கிடையாது.

பெருந்துயர் நிகழ்வுகளுக்குப் பின் தீயணைப்போரை அவர்களது சகபணியாளர்களே தாங்கிப் பிடிக்கும் முறையை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம். களம் நீலகிரி மாவட்டம். மேலைநாடுகள் நாற்பது ஆண்டுகளாகச் சோதித்து, தவறி, திருத்திக்கொண்ட இம்முறையின் உள்ளீடு நம்முடைய துக்கம் விசாரிப்பிலேயே பெரும்பாலும் இருக்கிறது என்பதும், அதை நிலையத்துக்குள் கொண்டுவரச் சில விதிகள் மட்டுமே தேவை என்பதும் என் கருத்து.

2. மலைப்பணியின் இயல்பு

தீயணைப்புத் துறையின் முழுப்பெயர் தமிழ்நாடு தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை. நீலகிரியில் அந்தப் பெயரின் இரண்டாம் பாதிதான் வேலையில் பெரும்பங்கு. சாலையில் விழுந்த மரம், மண்சரிவில் புதைந்த வீடு, தொட்டிக்குள் விழுந்த காட்டெருமை, கொண்டை ஊசி வளைவில் தடுப்பை உடைத்துக்கொண்டு போன வண்டி. மேட்டுப்பாளையம் - குன்னூர் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கினால் 36.

அண்மை ஆண்டுகளைப் பார்த்தாலே போதும். 2009 நவம்பர் மழையில் குன்னூர், கேத்தி, ஊட்டிப் பகுதிகளில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. 2023 செப்டம்பர் 30 அன்று தென்காசி மாவட்டம் கடையத்திலிருந்து வந்த சுற்றுலாப் பேருந்து மரப்பாலம் அருகே பள்ளத்தில் கவிழ்ந்து 9 பேர் இறந்தனர். 2024 பிப்ரவரி 7 அன்று லவ்டேல் காந்திநகரில் கட்டுமானப் பணியின்போது சுவர் இடிந்து 6 பெண் தொழிலாளர்கள் மண்ணுக்குள் போனார்கள்.

சமவெளி நகரத்துத் தீயணைப்போருக்கும் மலைத் தீயணைப்போருக்கும் ஒரு வேறுபாடு உண்டு. சென்னையில் ஒருவர் மீட்புக்குப் போன தெருவை மறுபடி பார்க்காமலே ஆண்டுகள் கழிக்கலாம். குன்னூர்க்காரருக்கு அது முடியாது. மேட்டுப்பாளையம் இறங்குவதற்குக் கோத்தகிரி வழி ஒன்று, மரப்பாலம் வழி ஒன்று. மாமியார் வீட்டுக்குப் போனாலும் கல்யாணத்துக்குப் போனாலும், தான் மீட்புக்குப் போன வளைவு ஏதாவது ஒன்றைக் கடந்துதான் ஆக வேண்டும். 2011 கணக்கெடுப்பின்படி மாவட்டத்தின் மக்கள்தொகை 7,35,394. சென்னையின் ஒரு மூலைக்குக்கூடக் காணாது. இறந்தவர் யாரோ ஒருவராக இருப்பது இங்கே அரிது. தேயிலை எஸ்டேட்டின் லைன் வீடுகளிலிருந்தோ படகர் ஹட்டியிலிருந்தோ வந்த ஒருவரை மீட்கும்போது, அவருடைய அண்ணனையாவது மேஸ்திரியையாவது மீட்பவருக்குத் தெரிந்திருக்கும்.

3. நஞ்சப்பசத்திரம், 2021 டிசம்பர் 8

ஆய்வுக்குரிய முதன்மை நிகழ்வு இது. நாடாளுமன்றத்தில் பாதுகாப்பு அமைச்சர் அளித்த அறிக்கையின்படி, விமானப்படையின் எம்ஐ-17வி5 ஹெலிகாப்டர் சூலூரிலிருந்து காலை 11.48க்குப் புறப்பட்டது. குன்னூரை ஒட்டிய வெலிங்டனில் 12.15க்கு இறங்கியிருக்க வேண்டும். 12.08க்குத் தொடர்பு அறுந்தது. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத், அவருடைய மனைவி உட்பட 14 பேர் அதில் இருந்தனர். குன்னூரை அடுத்த காட்டேரி அருகே, நஞ்சப்பசத்திரம் என்ற சிறு குடியிருப்பின் பக்கத்தில் மரங்களில் மோதி எரிந்து விழுந்தது.

முதலில் ஓடியவர்கள் ஊர்க்காரர்கள். பெரும்பாலும் தோட்ட வேலைக்கும் கூலி வேலைக்கும் போகிறவர்கள். குடத்திலும் வாளியிலும் தண்ணீர் கொண்டுபோனார்கள். வீட்டில் போர்த்தப் பயன்படும் கம்பளிகளையும் போர்வைகளையும் எடுத்துக் கொடுத்தார்கள். காயம்பட்டவர்களைத் தூக்கிவரவும் உடல்களைச் சுற்றவும் அவைதான் பயன்பட்டன. தீயணைப்பு வண்டி விபத்திடம் வரை போகப் பாதை இல்லை. குன்னூர் நிலையத்திலிருந்து சென்ற மூத்த தீயணைப்போர் ஒருவர் அன்று செய்தியாளர்களிடம் பேசினார். அருகிலிருந்த வீடுகளிலிருந்தும் ஓடையிலிருந்தும் தண்ணீர் எடுத்துவர வேண்டியிருந்ததாகச் சொன்னார். உயிரோடு மீட்கப்பட்டவர்களில் ஒருவர் தாழ்ந்த குரலில் தன் பெயரைச் சொன்னதாகவும் சொன்னார். அந்தப் பெயர் இந்தியாவின் மிக உயர்ந்த இராணுவ அதிகாரியின் பெயர். வழியிலேயே அந்த உயிர் போயிற்று.

இந்த ஒரு செய்தியைச் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். எரியும் இரும்புக்கும் புகைக்கும் நடுவில் ஒரு மனிதர் தன் பெயரைச் சொல்கிறார். கேட்டவர் அவரைத் தூக்கிக் கொடுக்கிறார். சிறிது நேரத்தில் அவர் இல்லை. பெயர் காதில் தங்கிவிடுகிறது. பெயர் தெரியாத உடலைவிடப் பெயர் சொன்ன உடல் பாரமானது என்பது மீட்புப் பணியில் இருப்பவர்கள் அறிந்த ஒன்று.

அதோடு முடியவில்லை. உயிர் பிழைத்த ஒரே ஒருவர் குரூப் கேப்டன் வருண் சிங். வெலிங்டனிலும் பிறகு பெங்களூரிலும் சிகிச்சை நடந்தது. நாடே அவருக்காக வேண்டிக்கொண்டது. ஏழு நாள் கழித்து, டிசம்பர் 15 அன்று அவரும் இறந்தார். மீட்டவர்களின் பக்கத்திலிருந்து பார்த்தால், 'ஒருவரையாவது காப்பாற்றினோம்' என்று பிடித்துக்கொள்ள இருந்த கயிறு அன்றுதான் அறுந்தது. முதல் நாள் அடியைவிட எட்டாம் நாள் அடி சில பேருக்கு வலுவாக இருந்திருக்கக்கூடும்.

எதிர்பாராத வானிலை மாற்றத்தால் ஹெலிகாப்டர் மேகத்துக்குள் நுழைந்ததும், விமானிக்குத் திசையும் நிலையும் தடுமாறி அது நிலத்தில் மோதியதும் காரணம் என்று முப்படை விசாரணைக் குழு 2022 ஜனவரியில் தன் முதற்கட்ட முடிவைச் சொன்னது. ஹெலிகாப்டர் ஏன் விழுந்தது என்பதற்கு அது விடை. 'பாதை இருந்திருந்தால்?', 'இன்னும் பத்து நிமிடம் முன்னால் தண்ணீர் வந்திருந்தால்?' என்று மீட்டவர் இரவில் தன்னைக் கேட்டுக்கொள்ளும் கேள்விக்கு எந்த விசாரணைக் குழுவும் விடை சொல்வதில்லை. அதற்கு விடை சொல்லத் தகுந்தவர் அன்று அவருக்குப் பக்கத்தில் நின்ற இன்னொருவர்தான்.

நஞ்சப்பசத்திர மக்களுக்கு இராணுவம் நன்றி பாராட்டியது. தக்ஷிண் பாரத் பகுதியின் தளபதி லெப்டினன்ட் ஜெனரல் அ. அருண் நேரில் வந்து கம்பளிகளும் உணவுப் பொருள்களும் வழங்கினார். ஊரை ஓராண்டுக்குத் தத்தெடுப்பதாகவும், மாதம் ஒருமுறை மருத்துவரும் செவிலியரும் வருவார்கள் என்றும் அறிவித்தார். போர்வை கொடுத்தவர்களுக்குப் போர்வையால் நன்றி சொன்னதில் ஓர் அழகு இருந்தது.

4. காயத்தின் இயல்பு

பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு 1980இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கையேட்டில் முதன்முதலாக இடம்பெற்றது. தனக்கு நேர்ந்த ஆபத்தால் மட்டுமல்ல, பிறருக்கு நேர்ந்த கொடுமையின் விவரங்களைப் பணி காரணமாகத் திரும்பத் திரும்பச் சந்திப்பதாலும் அது வரலாம் என்று 2013ஆம் ஆண்டுப் பதிப்பு தெளிவாகவே எழுதியது. மனித உடலின் சிதறல்களைச் சேகரிக்கும் மீட்புப் பணியாளர் அதில் சொல்லப்பட்ட ஓர் எடுத்துக்காட்டு.

அறிகுறிகள் சிலவற்றைச் சொன்னால் போதும்: கேட்காமலே வந்து நிற்கும் காட்சி, சிறு ஓசைக்கும் துள்ளும் உடம்பு, குறிப்பிட்ட இடத்தையோ மணத்தையோ தவிர்ப்பது, வீட்டாரிடம் காரணமில்லாத எரிச்சல், மரத்துப்போன மனம். நிகழ்வுக்குப் பின் சில நாள் இவை வருவது நோயல்ல. ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து வாழ்க்கையைக் குலைத்தால்தான் அது கோளாறு.

தென் ஆஸ்திரேலியாவில் 1983 பிப்ரவரி 16 அன்று மூண்ட 'சாம்பல் புதன்' காட்டுத்தீயை அணைத்த 469 பேரை அலெக்சாண்டர் மெக்ஃபார்லேன் இரண்டாண்டுக்கும் மேல் பின்தொடர்ந்து ஆராய்ந்தார். யார் எவ்வளவு கொடிய தீயைக் கண்டார் என்பதை மட்டும் வைத்து யார் பாதிக்கப்படுவார் என்று சொல்ல முடியவில்லை. முன்பே இருந்த மனச்சுமைகளும் பின்னால் வந்த வாழ்க்கைச் சிக்கல்களும் சேர்ந்தே முடிவைத் தீர்மானித்தன. சிலருக்கு மாதங்கள் கழித்துத்தான் அறிகுறிகள் தலைகாட்டின. நிகழ்வு நடந்த வாரத்தில் மட்டும் 'எல்லாரும் நல்லா இருக்கீங்களா?' என்று ஒரு கூட்டத்தில் கேட்டுவிட்டுப் போவது ஏன் போதாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

நீலகிரிக்கு இது எப்படிப் பொருந்தும்? 2024 மார்ச்சில் குன்னூர் ஃபாரஸ்ட்டேல் பகுதிக் காட்டில் பற்றிய தீ பல நாள் எரிந்தது. தண்ணீர் ஊற்றி அணைக்கச் சூலூரிலிருந்து விமானப்படை ஹெலிகாப்டர் வந்தது. அதே எம்ஐ-17வி5 வகை. அதே குன்னூர் வானம். கீழே தீயணைப்போரும் வனத்துறையினரும் நின்றார்கள். அவர்களில் நஞ்சப்பசத்திரம் போய்வந்தவர் இருந்திருந்தால், அந்த ஓசை அவருக்குத் துணைக்கு வந்த ஓசையாக மட்டும் இருந்திருக்குமா?

5. பேசவைத்துத் தீர்க்க முயன்ற வரலாறு

அமெரிக்காவில் தீயணைப்புப் பணியில் இருந்து பிறகு உளவியல் படித்த ஜெஃப்ரி மிட்செல், 1983இல் ஒரு முறையை வகுத்து வெளியிட்டார். கொடிய நிகழ்வுக்குப் பின் சில நாள்களுக்குள் குழுவை உட்கார வைத்து, ஏழு கட்டங்களாக, நடந்ததையும் நினைத்ததையும் உணர்ந்ததையும் பேசவைப்பது. உலகெங்கும் தீயணைப்புத் துறைகள் இதை ஏற்றன; பல இடங்களில் கட்டாயமாக்கின.

பிறகுதான் சோதனைகள் வந்தன. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்புக்காக ரோஸ், பிசன், வெஸ்லி ஆகியோர் செய்த 2002ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு, ஒரே அமர்வில் பேசவைப்பது கோளாறைத் தடுப்பதாகச் சான்றில்லை, சிலருக்குத் தீங்குகூட இருக்கலாம் என்று கூறிக் கட்டாய அமர்வுகளை நிறுத்தச் சொன்னது. அதில் சேர்க்கப்பட்ட சோதனைகள் தனித்தனி நோயாளிகளிடம் நடந்தவை, பணிக்குழுக்களிடம் அல்ல என்று மிட்செலின் தரப்பார் மறுத்தனர். அந்த மறுப்பில் நியாயம் உண்டு. ஆஸ்திரேலியத் தன்னார்வத் தீயணைப்போர் 67 பேரிடம் டக்கியும் ஸ்காட்டும் நடத்தி 2014இல் வெளியிட்ட சோதனையில், குழுப்பேச்சு அதிர்ச்சிக் கோளாற்றைக் குறைக்கவில்லை. ஆனால் பின்னாளில் குடியைக் குறைத்தது.

குடியைக் குறைத்தது என்ற அந்த ஒரு வரி நமக்குப் பெரிது. குளிர் என்ற பெயரிலும் அலுப்பு என்ற பெயரிலும் குடிக்கு எளிதில் மன்னிப்புக் கிடைக்கும் ஊர் இது. 'இந்த வேலைக்குக் குடிக்காம முடியாது' என்பது மீட்புப் பணி செய்யும் எல்லாத் துறைகளிலும் புழங்கும் சொல். அதைச் சிரித்துக்கொண்டு சொல்கிறார்கள் என்பதால் அது நகைச்சுவையாகிவிடாது.

6. விசாரிப்பின் இலக்கணம்

கட்டாயப் பேச்சைக் கைவிட்ட பின் வந்த முறைகள் எப்படி இருக்கின்றன என்று பார்த்தால், நமக்கு அவை அந்நியமாகத் தெரியாது. உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேட்டின் சாரம் மூன்று சொற்கள்: பார், கேள், இணை. பேசச் சொல்லி வற்புறுத்தாதே என்பது அதில் திரும்பத் திரும்ப வருகிறது. பிரிட்டனின் ராயல் மரீன் படையில் 1990களில் உருவான இன்னொரு முறையில், பயிற்சி பெற்ற சகவீரர் ஒருவர், நிகழ்வு நடந்து மூன்று நாள் கழித்து முதலிலும் ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து மறுபடியும், பாதிக்கப்பட்டவரோடு பேசுகிறார். அவர் மருத்துவரல்லர், சிகிச்சையும் அளிப்பதில்லை. நிலைமை தேறுகிறதா மோசமாகிறதா என்று பார்த்து, தேவையானால் மருத்துவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறார்.

மூன்றாம் நாள் பால் தெளிப்பு, பதினாறாம் நாள் காரியம், பிறகு மாதத் திதி என்று நம் வழக்கமும் துக்கத்தைத் தவணைகளில்தான் அணுகுகிறது. இந்த ஒற்றுமையை இழுத்து நீட்டி, 'எல்லாம் நம் முன்னோர் அன்றே அறிந்தது' என்று மார்தட்ட நான் விரும்பவில்லை. ஆனால் வழக்கத்தின் இலக்கணம் கவனிக்கத் தக்கது. விசாரிக்கப் போகிறவர் தானும் ஒரு சாவைக் கண்டவர். அவர் தேடிப் போகிறார். துக்கக்காரரை வரச் சொல்வதில்லை. மௌனமாக இருக்க உரிமை உண்டு. ஒருமுறையோடு நிற்பதில்லை. நீலகிரிப் படகரிடம், இறந்தவர் செய்திருக்கக்கூடிய பிழைகளைப் பெரியவர் ஒருவர் உரக்கச் சொல்லி, கூடியிருப்போர் அவற்றிலிருந்து விடுதலை வேண்டும் 'கரு ஹரசோது' சடங்கு உண்டு. குற்ற உணர்வைத் தனி மனிதனின் நெஞ்சுக்குள் விட்டுவைக்காமல் ஊரே வாய்விட்டுச் சொல்லிக் கரைப்பது என்று அதை நான் பொருள்கொள்கிறேன். 'இன்னும் பத்து நிமிடம்' என்ற குற்ற உணர்வுக்கும் அப்படியொரு சபை தேவைப்படுகிறது.

2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க் தீயணைப்புத் துறை 343 பேரை இழந்தது. அதன்பின் அங்கு ஆலோசகர்கள் அலுவலகத்தில் காத்திருக்காமல், சகபணியாளர் துணைவர்களோடு தீயணைப்பு நிலையங்களுக்கே போய் உட்கார்ந்தார்கள். அதுவும் ஒருவகையில் செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போவதுதான்.

7. சகபணியாளர் யார்?

நூல்கள் 'சகபணியாளர்' என்றால் அதே சீருடை போட்டவர் என்று கொள்கின்றன. நீலகிரியில் இந்த வரையறை பற்றாது. 108 ஆம்புலன்ஸ் ஊழியர், வனத்துறையின் வேட்டைத் தடுப்புக் காவலர், காவலர், எஸ்டேட் தொழிலாளி என்று நான்கைந்து வகையினர் ஒரே கயிற்றைப் பிடித்து இழுக்கிறார்கள். நஞ்சப்பசத்திரத்தில் குடத்தோடு ஓடியவர் எந்தத் துறையின் ஊழியரும் அல்லர். பார்த்ததோ தீயணைப்போர் பார்த்த அதே காட்சி.

ஆகவே இங்கு வட்டத்தைச் சீருடையால் வரையாமல் நிகழ்வால் வரைய வேண்டும். அன்று அங்கே நின்றவர் எல்லாரும் சகபணியாளர். தோட்டத் தொழிலாளிக்குத் துறையின் திட்டத்தில் இடமில்லை என்றால், மாவட்ட மனநலத் திட்டத்தின் வழியாக அதே தீயணைப்போர் அவர் வீட்டுக்குப் போய் விசாரிக்கலாம். போனவருக்கும் அது நல்லது.

8. இரகசியமும் பதவியும்

துணைவராகத் தேர்ந்தெடுக்கப்படுபவர் நிலைய அலுவலராக இருக்கக் கூடாது. விடுப்பும் இடமாற்றமும் பதவி உயர்வும் யாருடைய கையெழுத்தில் இருக்கின்றனவோ அவரிடம் ஒருவர் 'எனக்குத் தூக்கம் வருவதில்லை' என்று சொல்ல மாட்டார். ஆஸ்திரேலியாவின் மார்க் கிரீமரும் உடன் ஆய்வாளர்களும் பல நாட்டு வல்லுநர்களின் கருத்தைத் திரட்டி 2012இல் வெளியிட்ட வழிகாட்டுதல்களின் போக்கும் இதுவே: துணைவர் சகாக்களின் நம்பிக்கையைப் பெற்றவராக இருக்க வேண்டும், பயிற்சியும் தொடர் மேற்பார்வையும் வேண்டும், துணைவரையும் ஒருவர் விசாரிக்க வேண்டும்.

சட்டத்தில் ஓர் ஓட்டை உண்டு. மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017இன் 23ஆம் பிரிவு, சிகிச்சை அளிக்கும் சுகாதார வல்லுநரை இரகசியம் காக்கக் கடமைப்படுத்துகிறது. சகபணியாளர் சுகாதார வல்லுநர் அல்லர். அச்சட்டம் அவரைக் கட்டுப்படுத்தாது. எனவே துணைவரிடம் சொன்னது மேலதிகாரிக்குப் போகாது, பணிப்பதிவேட்டில் ஏறாது, தற்கொலை எண்ணமோ பிறர் உயிருக்கு ஆபத்தோ இருந்தால் மட்டுமே விலக்கு என்று துறை எழுத்தில் ஆணை போட வேண்டும். சில நிலையங்களே உள்ள மாவட்டத்தில், காலையில் ஊட்டியில் சொன்னது மாலையில் கூடலூரில் தெரிந்துவிடும். ஒருமுறை கசிந்தால் திட்டம் அன்றோடு செத்தது. இதனால்தான் குன்னூர்க்காரருக்குக் கோத்தகிரித் துணைவரைத் தேர்ந்துகொள்ளும் உரிமையும் வேண்டும் என்கிறேன்.

9. செய்யக்கூடியது

புதிதாக அலுவலகம் கட்ட வேண்டியதில்லை. தமிழ்நாடு காவல்துறையில் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தின் துணையோடு காவலர் நிறைவாழ்வுப் பயிற்சி நடந்திருக்கிறது; குடும்பத்தாரையும் அதில் சேர்த்தார்கள். காவலரையும் தீயணைப்போரையும் தேர்ந்தெடுப்பது ஒரே சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம். இரண்டும் உள்துறையின் கீழ் வருபவை. ஒருவருக்குத் தந்ததை மற்றவருக்கும் தரத் தடை என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

நிலையத்துக்கு இருவர் என்ற கணக்கில் துணைவர்கள் போதும். குழந்தையின் சாவு, தெரிந்தவரின் சாவு, சகபணியாளரின் சாவு, பலர் மாண்ட விபத்து, நீண்ட நேரம் போராடித் தோற்ற மீட்பு ஆகியவற்றில் எது நடந்தாலும், யாரும் கேட்காமலே துணைவர் இறங்க வேண்டும். மூன்றாம் நாள் ஒருமுறை, ஒரு மாதம் கழித்து ஒருமுறை, ஆண்டு திரும்பும்போது ஒருமுறை. தேறாதவரை ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப்போக வேண்டும். 'போய்ப் பாருங்கள்' என்பதைவிட 'வாங்க, போவோம்' என்பது மேல். இரவில் தனியாகத் தவிப்பவருக்கு 14416 என்ற எண்ணில் தமிழிலேயே பேச ஆளுண்டு. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் சேவை அது.

ஏப்ரல் 14 தீத்தொண்டு நாள். 1944இல் அதே நாளில் பம்பாய்த் துறைமுகத்தில் 'ஃபோர்ட் ஸ்டிகைன்' கப்பல் வெடித்து மாண்ட 66 தீயணைப்போர் நினைவாக நாடெங்கும் அஞ்சலி செலுத்துகிறார்கள். இறந்தவர்களுக்கு ஒரு நாள் இருக்கிறது. பார்த்துவிட்டு உயிரோடு இருப்பவர்களுக்கும் அந்த வாரத்தில் ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கலாம்.

வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் தெருவிலோ எஸ்டேட்டிலோ ஒரு துயரம் நடந்து தீயணைப்போர் வந்துபோனால், பத்து நாள் கழித்து அந்த நிலையத்துக்கு ஒருமுறை போய்வாருங்கள். எத்தனை உடல், எப்படிக் கிடந்தது என்று கேட்க வேண்டாம். 'அன்னைக்கு வந்தீங்களே, எப்படி இருக்கீங்கண்ணா?' என்று மட்டும் கேளுங்கள்.